கோமாளி மேல கேஸ் போடாதே, மருமவனே

மருமவனே, சேர்மன் பதவிக்கு வந்தப்போ போட்ட மாலையெல்லாம் இந்நேரம் வாடிக் குப்பைக்குப் போயிருக்கும். மாலை போட்டவனுவளும் வந்த காரியத்த முடிச்சுக்கிட்டுப் போயிருப்பானுவ. இனி உனக்கு வரப்போறது கேலி. எவனாவது ஒரு பய, நீ போன வருஷம் மேடையில பேசினதையும் இந்த வருஷம் பேசினதையும் ஒண்ணு பக்கத்துல ஒண்ணா ஓடவிடுவான். நடுவுல ஒரு புருவத்தத் தூக்குவான், அவ்வளவுதான். ஊரே சிரிக்கும். உனக்கு ரத்தம் கொதிக்கும். வக்கீலுக்குப் போன் போடுவ, ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்புவ. அங்கனதான் மாமா குறுக்க விழுதேன். பள்ளிக்கூடத்துல நான் அஞ்சாப்பத் தாண்டல. ஆனா இந்த ஒரு விஷயத்துல எனக்கு அமெரிக்கப் படிப்பு உண்டு.

மூத்தவ நியூஜெர்சியில இருக்கால்லா, அங்க உங்க அத்தையோட போயிருந்தப்போ ராத்திரியில எனக்குத் தூக்கமே பிடிக்காது. உடம்பு அங்க, உறக்கம் இங்க. பேத்தியும் முழிச்சுக் கெடக்கும். அது டிவியப் போட்டுச் சிரிச்சுக்கிட்டே அர்த்தம் சொல்லும், நான் கேட்டுக்கிட்டு இருப்பேன். 'தி டெய்லி ஷோ'ன்னு ஒண்ணு, காமெடி சென்ட்ரல்ங்கிற சேனல்ல. கோட்டு, டை, மேசை, கையில பேப்பரு, எல்லாம் அசல் செய்தி வாசிக்கிறவர் கணக்கா இருக்கும். வாசிக்கதும் செய்திதான். ஆனா வாசிக்கவரு கோமாளி. ராத்திரி 11 மணி நிகழ்ச்சின்னு பேரு. சாயங்காலமே ஆளுவளக் கூட்டி உக்கார வெச்சு எடுத்து முடிச்சிருவாவளாம். அடுத்தவன் பொய்யப் பிடிக்க நிகழ்ச்சி, அதுவே 'இன்னைக்கு ராத்திரி'ங்கிற பொய்யோடதான் தொடங்குது. அதக் கேட்டதுமே எனக்கு அந்தாளு மேல ஒரு மரியாத வந்துட்டு.

1996 ஜூலையில ஆரம்பிச்சது அது. லிஸ் வின்ஸ்டெட், மாடலின் ஸ்மித்பர்க்னு ரெண்டு பொம்பளைய போட்ட அஸ்திவாரம். முதல்ல கிரெய்க் கில்போர்ன்னு ஒருத்தரு நடத்தினாரு. 1999 ஜனவரியில ஜான் ஸ்டூவர்ட் வந்தாரு, அதுக்கப்புறந்தான் அரசியல்வாதிக்கு வயித்தக் கலக்க ஆரம்பிச்சது. 2015 ஆகஸ்ட் வரைக்கும் அவரு கொடிதான். பெறகு தென்னாப்பிரிக்காக்காரரு டிரெவர் நோவா ஒரு 7 வருஷம். 2024 பிப்ரவரியில ஸ்டூவர்ட் திரும்ப வந்து, திங்கக்கிழமைக்கு மட்டும் மேசையில உக்காருதாரு. ரிட்டயர் ஆன வாத்தியாரு வாரத்துக்கு ஒரு நாள் பள்ளிக்கூடம் வந்து எல்லாரையும் மெரட்டிட்டுப் போவாருல்லா, அந்தக் கதைதான்.

தொழில் எப்படி நடக்குன்னு கேளு, உனக்கு ஒதவும். காலையில எழுதுத ஆளுவ எல்லாரும் ஒண்ணா உக்காருவாவ. எல்லாச் செய்திச் சேனலும் பேசினது பூரா மெஷின்ல பதிஞ்சு கெடக்கும். அதத் தோண்டுறதுக்குன்னே சம்பளத்துக்கு ஆளு. ஒரு மந்திரி இன்னைக்கு 'நான் அப்படிச் சொல்லவே இல்ல'ன்னு சொல்லி வாயத் தொடைக்கதுக்குள்ள, 3 வருஷத்துக்கு முந்தி அவரே அதையே, அதே கை ஆட்டோட சொன்ன துண்டத் தேடிக் கொண்டாந்துருவானுவ. ரெண்டையும் ஒட்டிப் போட்டாச் சோலி முடிஞ்சது. ஸ்டூவர்ட் ஒரு வார்த்த திட்ட மாட்டாரு. பேனாவக் கடிச்சுக்கிட்டுக் காமிராவப் பாப்பாரு. எழுத்தாளனுக்குக் கொடுக்கிற கூலியில பாதி அந்த மந்திரிக்குத்தான் போவணும். சிரிப்பு பூரா அவரு வாயிலேர்ந்து வந்தது.

இதக் கேட்டதும் நீ பயந்திருப்ப. பயப்படாத. மாமா அங்க பாத்த ரகசியத்தச் சொல்லுதேன், வெளிய விட்டுராத.

சனம் சிரிச்சிட்டுத் தூங்கிரும்.

பகல் பூரா வண்டி வண்டியாப் பொய்யத் தின்ன சனம், ராத்திரி 11 மணிக்கு ஒரு டம்ளர் சுக்குக் கஷாயம் குடிக்கி. ஏப்பம் விடுது. வயிறு லேசானதும் போர்வய இழுத்து மூடிக்கிடும். நீ கொடுத்த பொய்யும் செரிச்சுப் போச்சு, உன் மேல இருந்த கோவமும் செரிச்சுப் போச்சு. விடிஞ்சா நீ புதுசா ஒரு சட்டி ஏத்தலாம். இந்த ஏற்பாட்டுல நஷ்டம் யாருக்கு? கோமாளிக்குச் சம்பளம், சேனலுக்கு விளம்பரம், சனத்துக்கு ஒறக்கம், உனக்குப் பதவி.

நம்ப மாட்டேங்கியா? கணக்குச் சொல்லுதேன். 2000 தேர்தல அவுக நையாண்டி பண்ணினதுக்குப் பீபாடி விருது கொடுத்தாவ. அது அங்க பெரிய விருது, சும்மா கொடுக்க மாட்டாவ. 2004 தேர்தலுக்கும் அதே விருது. ஸ்டூவர்ட் ராத்திரி ராத்திரி ஜார்ஜ் புஷ்ஷ உரிச்சுத் தொங்கவிட்டாரு. 2004 நவம்பர்ல புஷ் திரும்ப ஜெயிச்சு வந்துட்டாரு. விருது கோமாளிக்கு, நாற்காலி புஷ்ஷுக்கு. ரெண்டு பேருக்குமே சந்தோசம்.

இன்னொண்ணு. 2009ல வால்டர் குரோன்கைட்ங்கிற பழைய செய்தியாளரு காலமானாரு. அந்த ஊர்ல அவரு சொன்னா வேதம். அவருக்கப்புறம் யாரு சொல்லுத செய்திய நம்புதீகன்னு டைம் பத்திரிகை இணையத்துல ஒரு ஓட்டு வெச்சுது. கோட்டு போட்ட பெரிய மனுசனுவள எல்லாம் தள்ளிட்டு ஸ்டூவர்ட்டுக்கு 44 சதவீதம் விழுந்துது. எவன் வேணும்னாலும் குத்துத ஓட்டு, அதப் பெருசா எடுக்கக்கூடாதுன்னு பேத்தி சொல்லிச்சு. இருந்தாலும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு கேள்வி. ஒரு தேசம் கோமாளிய நம்புதுன்னா, செய்தி வாசிக்கவன் இத்தன வருஷமா என்ன பண்ணிக்கிட்டு இருந்தான்?

அதுக்கு அடுத்த வருஷம், 2010 அக்டோபர் 30ஆம் தேதி, வாஷிங்டன் மைதானத்துல ஸ்டூவர்ட்டும் அவரு கூட்டாளி ஸ்டீபன் கோல்பேரும் ஒரு கூட்டம் போட்டாவ. 'கொஞ்சம் நிதானமா இருங்கப்பா'ங்கிறதுதான் கோரிக்கை. நெனச்சுப் பாரு, நிதானம் கேட்டு ஒரு மாநாடு! 2 லட்சம் பேருக்கு மேல வந்தாவன்னு ஒரு கணக்கு. பிரியாணிப் பொட்டலம் கிடையாது, லாரி கிடையாது, தானா வந்த கூட்டம். எல்லாரும் சிரிச்சாவ, கையில வேடிக்கை வேடிக்கையா அட்டை. மூணு நாள் கழிச்சுத் தேர்தல். ஒபாமா கட்சி கீழ்ச்சபையில 63 எடத்தக் கோட்ட விட்டுது. மைதானத்துல கைதட்டினவன் எத்தன பேரு சாவடிக்குப் போனான்னு எவன் கண்டான்.

அதனால கேலி பண்ணினா விட்டுரு. முடிஞ்சா நீயும் சிரி. அங்க வெவரமானவனுவ என்ன பண்ணுதானுவ தெரியுமா? தேர்தல் வந்துட்டா அவனுவளே அந்த மேசைக்கு எதிர்ல போயி உக்காந்து, கேலியச் சிரிச்ச மொகத்தோட வாங்கிக்கிட்டு, 'பாரு, எவ்வளவு நல்ல மனுசன்'னு பேரு வாங்கிக்கிட்டு வந்துருவானுவ. ஜான் எட்வர்ட்ஸ்னு ஒரு செனட்டரு, 2003ல சனாதிபதித் தேர்தல்ல நிக்கப் போறேன்னு அறிவிச்சதே அந்த மேசையிலதான்.

கோவப்பட்டவன் கதி என்னாச்சுன்னு இப்போக் கேளு.

ஈரான்ல 2009 ஜூன்ல தேர்தல். டெய்லி ஷோ அங்க ஒரு ஆள அனுப்பிச்சுது, ஜேசன் ஜோன்ஸ்னு. கறுப்புக் கண்ணாடியும் கழுத்துல துணியுமா, ஒளவாளி வேசத்துல போனாரு. 'அமெரிக்காக்காரனுக்கு வெளிநாடுன்னா என்னன்னே தெரியாது'ன்னு சொந்த ஊர்க்காரனக் கேலி பண்ணுததுதான் நோக்கம். அங்க மாசியார் பஹாரின்னு ஒரு பத்திரிகையாளர். நியூஸ்வீக்குக்கு எழுதுதவரு. அவருகிட்ட ஒரு பேட்டி எடுத்தாரு. தேர்தல் முடிஞ்சு கலாட்டா ஆனதும் பஹாரியப் பிடிச்சு எவின் சிறையில போட்டுட்டாவ. விசாரிக்கவன் அந்த நையாண்டித் துண்ட ஓடவிட்டுக் காட்டி, 'அமெரிக்க ஒளவாளி ஒருத்தன் உங்ககிட்ட வந்து பேசியிருக்கான், இதுக்கென்ன சொல்லுதே'ன்னு கேட்டானாம். கட்டுன வேசத்த நெசம்னு நம்பி ஒரு அரசாங்கமே கேள்வி கேக்குது! அந்த மனுசன் கண்ணக் கட்டி, அடிபட்டு, 118 நாள் உள்ள கெடந்தாரு. அதுல சிரிக்க ஒண்ணும் இல்ல மருமவனே. ஸ்டூவர்ட்டுக்கும் அது உள்ள குத்தியிருக்கு. 2013ல நிகழ்ச்சிக்கு லீவு போட்டுட்டுப் போயி, அந்தக் கதைய 'ரோஸ்வாட்டர்'னு சினிமாவா எடுத்தாரு. அந்த ஆட்சிய ஒலகம் பூரா திரையில பாத்துது. அதுக்கு முந்தி அந்த அஞ்சு நிமிசத் துண்டு எத்தன பேருக்கு ஞாபகம் இருந்திருக்கும்?

எகிப்து கதை இன்னும் ருசி. பாசெம் யூசுஃப்னு ஒரு இருதய டாக்டரு. ஸ்டூவர்ட்டப் பாத்துட்டு ஆச வந்து, 2011 புரட்சி நடந்த கையோட வீட்டுலயே துணி துவைக்கிற ரூமுல காமிராவ வெச்சு யூடியூப்ல ஆரம்பிச்சாரு. கொஞ்ச நாள்ல டிவிக்காரன் தூக்கிக்கிட்டுப் போயிட்டான். முகம்மது மோர்சின்னு சனாதிபதி. அவரு பாகிஸ்தானுக்குப் போனப்போ டாக்டர் பட்டம் கொடுத்துத் தலையில ஒரு தொப்பிய வெச்சாவ. யூசுஃப் அதே மாதிரி ஒண்ண, ரொம்பப் பெருசாச் செஞ்சு போட்டுக்கிட்டு நிகழ்ச்சி நடத்தினாரு. மோர்சிய அவமதிச்சாரு, மதத்த அவமதிச்சாருன்னு 2013 மார்ச்சுல விசாரணைக்குக் கூப்பிட்டாவ. ஆளு எப்படிப் போனாருங்க? அதே தொப்பியோட! ஜாமீன் 15,000 எகிப்து பவுண்டு. ஒரு நாட்டுச் சேனல்ல கெடந்த கோமாளிய ஒலகத்துக் கோமாளி ஆக்கிவிட்டாவ. அந்த ஜூலையில மோர்சிய ராணுவம் தூக்கிருச்சு. அது தொப்பியால இல்ல, அதுக்குக் காரணம் வேற. ஆனா அவரு பேரச் சொன்னா அந்தத் தொப்பி ஞாபகம் வருதே, அதுக்கு என்ன பண்ணுத?

அமெரிக்காவுலயே பாப் மரேன்னு ஒரு நிலக்கரி முதலாளி. டெய்லி ஷோவுல ஸ்டூவர்ட்டுக்குக் கீழ வளந்த ஜான் ஆலிவர்னு இங்கிலாந்துக்காரரு 2014ல ஹெச்பிஓவுல 'லாஸ்ட் வீக் டுநைட்'னு தனிக்கடை போட்டாருல்லா, அவரு 2017 ஜூன்ல இந்த மரேயப் பத்திப் பேசினாரு. பேசுனா கேஸ் போடுவேன்னு முந்தியே வக்கீல் கடுதாசி வந்துருந்தது. அதையும் வாசிச்சுக் காட்டிட்டுத்தான் பேசினாரு. கடைசில அணில் வேசம் போட்ட ஆளு ஒண்ணு மேடைக்கு வந்து மரேக்கு ஒரு செய்தி சொல்லிச்சு; அது என்னன்னு உங்க அத்தை காதுல விழுத எடத்துல சொல்லக்கூடாது. மரே கேஸ் போட்டாரு. 2018 பிப்ரவரியில மேற்கு வர்ஜீனியா கோர்ட்டு தள்ளிட்டு. மேல்முறையீடு போனாரு, 2019ல அதையும் விட்டுட்டாரு. விட்ட மறு நிமிசம் ஆலிவர் ஆட்டக்காரனுவளக் கூட்டிக்கிட்டு வந்து, நடுத்தெருவுல அந்தாளப் பத்திக் கூசாம ஒரு பாட்டே பாடிட்டாரு. கேஸ் போடாம இருந்திருந்தா ஒரு அணிலோட போயிருக்கும்.

ஆனா ஒண்ணு, நான் உன் பக்கத்து ஆளு, ஒளிக்கக் கூடாது. அந்தக் கேசுக்கு வக்கீல் செலவு மட்டும் 2 லட்சம் டாலருக்கு மேல ஆயிட்டுன்னு ஆலிவரே சொன்னாரு. பின்னால ஹெச்பிஓ நின்னுது, தாங்கினாரு. செல்போனும் கையுமா ஒத்தையில நிக்கிற பயலுக்கு நீ தோத்துப்போற கேசே போதும், அவன் ஜெயிச்சாலும் ஓட்டாண்டி ஆயிருவான். இத நான் உனக்குச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிட்டேன். மறந்துரு.

இதவிட சூட்சுமமான வழி ஒண்ணு இருக்கு. கோமாளியத் தொடாத. கோமாளிக்குச் சோறு போடுதவனப் பாரு.

எகிப்துல மோர்சி போனதுக்கப்புறம் என்னாச்சு? யூசுஃப் கேலியப் புது ஆட்சி பக்கம் திருப்பினாரு, தளபதி சிசிக்கு சனம் சாமியாடுததக் கேலி பண்ணினாரு. இந்தத் தடவ பெருசா விசாரணை, தொப்பி, ஒண்ணும் இல்ல. சேனலே நிகழ்ச்சிய நிப்பாட்டிட்டு. வேற சேனலுக்குப் போனாரு. 2014 ஜூன்ல அதுவும் முடிஞ்சது. ஊரவிட்டே போயி இப்போ வெளிநாட்டுல இருக்காரு. கேஸ் போட்டவரு பேரு கெட்டுது. போன் போட்டவன் எவன்னே தெரியாது. வித்தியாசம் வெளங்குதா?

இது ஒண்ணும் புதுசு இல்ல. இங்கிலாந்துல பிபிசி 1962ல டேவிட் ஃப்ராஸ்ட்ட வெச்சு 'தட் வாஸ் தி வீக் தட் வாஸ்'னு சனிக்கிழமை ராத்திரி ஒண்ணு நடத்திச்சு. மந்திரிமாரெல்லாம் நாறினாவ. 1963 டிசம்பரோட நிப்பாட்டியாச்சு. அடுத்தது தேர்தல் வருசமாம், அதனாலயாம். நம்ம தேசத்துலயும் பாரு, 2020 பிப்ரவரியில ஆலிவர் நம்ம பிரதமரப் பத்திப் பேசின அந்த ஒரு வாரம் மட்டும் ஹாட்ஸ்டார்ல நிகழ்ச்சி வரல. எல்லாரும் யூடியூப்ல பாத்துட்டாவ, அது வேற விஷயம். சோறு போடுதவன் ரெண்டு பேரா இருந்தா இந்த வித்தை பலிக்காது போல.

இப்போ 2025க்கு வா. கோல்பேரு 2015லேர்ந்து சிபிஎஸ்ல 'லேட் ஷோ' நடத்திக்கிட்டு இருந்தாரு. சிபிஎஸ்ஸுக்கு முதலாளி பாரமவுண்ட். டெய்லி ஷோவுக்கும் அதே முதலாளிதான். டிரம்ப் போட்ட ஒரு கேச பாரமவுண்ட் 16 மில்லியன் டாலர் கொடுத்து முடிச்சுக்கிட்டு. கம்பெனிய விக்கதுக்கு அரசாங்கத்து அனுமதி வேற காத்துக்கிட்டு இருந்த நேரம். கோல்பேரு மேடையில நின்னு, இது பச்சையான லஞ்சம்னு சொன்னாரு. அந்த வாரமே, ஜூலை 17ஆம் தேதி, 'லேட் ஷோவ 2026 மே மாசத்தோட நிறுத்துதோம், காரணம் நஷ்டம் மட்டுந்தான்'னு கம்பெனி அறிவிச்சுது. அதுக்கு அடுத்த வாரம் விக்க அனுமதி வந்துது. நஷ்டம்னு சொல்லுதாவ. ராத்திரி நிகழ்ச்சிக்கெல்லாம் விளம்பரக் காசு கொறஞ்சதும் நெசந்தான். ஆனா லஞ்சம்னு அவரு சொன்னதும், நிறுத்துதோம்னு கம்பெனி சொன்னதும் ஒரே வாரத்துல வந்து விழுந்துது. கிழவன் நான் கிழமையத்தான் சொன்னேன், வேற ஒண்ணும் சொல்லல.

ஆனா இந்த வழியிலயும் கால் இடறும். அதே வருஷம் செப்டம்பர்ல ஜிம்மி கிம்மல்னு இன்னொரு ராத்திரிக் கோமாளி. அரசாங்கத்து ஒளிபரப்புத் தலைவரு பிரண்டன் கார் வெளிப்படையாவே மெரட்டினாரு, ஏபிசி சேனல் கிம்மல நிறுத்திருச்சு. சனம் அந்தச் சேனலோட முதலாளி டிஸ்னிக்குக் கட்டுத சந்தாவ வெட்டிருச்சு. ஒரு வாரங்கூடத் தாங்கல, திரும்பக் கொண்டாந்தாவ. வந்த ராத்திரி 62 லட்சம் பேருக்கு மேல பாத்தாவ. அவரச் சாதாரணமாப் பாக்குத ஆளவிடப் பல மடங்கு. காதோடு காதாச் செய்ய வேண்டியத மைக்குல செஞ்சா அப்படித்தான்.

இவ்வளவும் சொல்லிட்டு, எனக்கே பயமா இருக்கிற எடத்துக்கு வாரேன்.

கோமாளி கேலி பண்ணும்போது நீ பயப்படாத. கேலிய நிறுத்தும்போது பயப்படு.

2004 அக்டோபர்ல ஸ்டூவர்ட்ட சிஎன்என்ல 'கிராஸ்ஃபயர்'னு ஒரு நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டாவ. ரெண்டு பேரு எதிரெதிரா உக்காந்து கத்துத நிகழ்ச்சி. நம்ம ஊர் சேனல்லயும் ராத்திரி நடக்குல்லா, அதுக்குத் தாய்வீடு. வந்து ரெண்டு ஜோக்கு சொல்லிட்டுப் போவாருன்னு நெனச்சாவ. மனுசன் சிரிக்கவே இல்ல. நீங்க பண்ணுதது விவாதமில்ல, கூத்து, தேசத்தக் கெடுக்கீகன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு. அந்த நிகழ்ச்சிய நடத்தினவருல ஒருத்தரு டக்கர் கார்ல்சன், அப்போ கழுத்துல பூச்சி கணக்கா ஒரு டை கட்டியிருப்பாரு. 'நீ மட்டும் உன் நிகழ்ச்சியில கடினமான கேள்வியா கேக்க'ன்னு மடக்கினாரு. அதுக்கு ஸ்டூவர்ட், எனக்கு முந்தி வார நிகழ்ச்சியில பொம்மைங்க போன் போட்டு வம்பு பண்ணுதுன்னு ஒரே போடு போட்டாரு. 2005 ஜனவரியில சிஎன்என் தலைவரு, ஸ்டூவர்ட் சொன்னது சரின்னு சொல்லி அந்தக் கடையவே சாத்தப்போறோம்னு அறிவிச்சுட்டாரு. இதுல ஒரு அயோக்கியத்தனமும் இருக்கு, எனக்குப் பிடிச்ச அயோக்கியத்தனம்: அடிக்கும்போது வாத்தியாரு, திருப்பி அடிச்சா 'நான் வெறும் கோமாளிங்கய்யா'. இப்படிப்பட்டவன நீ எந்தக் கோர்ட்டுல நிறுத்துவ?

கோல்பேரு பண்ணினது அதவிட மோசம். 2005லேர்ந்து 2014 வரைக்கும் 'கோல்பேர் ரிப்போர்'னு ஒண்ணு நடத்தினாரே, அதுல அவரு புஷ்ஷோட பக்தனா வேசம் கட்டுவாரு. புகழ்ந்தே கொல்லுதது. 2006 ஏப்ரல்ல வெள்ளை மாளிகைச் செய்தியாளர் விருந்துல, புஷ் கைநீட்டினா எட்டுத தூரத்துல உக்காந்திருக்க, அதே பக்தியோட கால் மணி நேரத்துக்கு மேல பாராட்டினாரு. சபையே சிரிக்கவா வேண்டாமான்னு முழிச்சுது. ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்து ஆளுவ 2009ல ஆராய்ச்சி பண்ணினா, புஷ் கட்சி மனசுக்காரங்கள்ல கொஞ்சப் பேரு, 'இவரு நம்மாளு, கேலி பண்ணுத மாதிரி நடிக்காரு, உள்ளுக்குள்ள நெசமாத்தான் சொல்லுதாரு'ன்னு நம்பிக்கிட்டு இருந்திருக்காவ. மருமவனே, உனக்கு இப்போ அளவுக்கு மீறி யாராவது போஸ்டர் அடிக்கானா? கொஞ்சம் உத்துப் பாரு.

அதே கோல்பேரு 2011 ஜூன்ல, தேர்தல்ல பணம் கொட்டுத சூப்பர் பேக் ஒண்ண நெசமாவே ஆரம்பிக்க அனுமதி கேட்டு வாஷிங்டன் தேர்தல் ஆணையத்துக்குப் போனாரு. கொடுத்துட்டாவ! பாத்தவன் அனுப்பின காசு 10 லட்சம் டாலரத் தாண்டிருச்சு. வேட்பாளரும் அவருக்குச் செலவு பண்ணுத அமைப்பும் ஒண்ணாச் சேந்து திட்டம் போடக்கூடாதுன்னு சட்டம். அதனால 2012 ஜனவரியில, தான் சனாதிபதிக்கு நிக்கப் போறேன்னு சொல்லி, அமைப்ப மேடையிலயே ஸ்டூவர்ட் கையில கொடுத்தாரு. பக்கத்துல தேர்தல் ஆணையத்துப் பழைய தலைவரே வக்கீலா நின்னு கையெழுத்து வாங்குதாரு. ரெண்டு பேரும் 'நாம ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கக் கூடாது, என்ன?'ன்னு பேசிக்கிட்டாவ. வருசக்கணக்கா பேராசிரியமாரு கட்டுரை எழுதி வெளங்க வைக்க முடியாதது, அன்னைக்கு மளிகைக்கடைக்காரனுக்கும் வெளங்கிட்டு. செய்திச் சேனல் பாத்தவனவிட இவரு நிகழ்ச்சியப் பாத்தவனுக்குத்தான் தேர்தல் பணத்தப் பத்தி அதிகம் தெரிஞ்சிருந்துதுன்னு 2014ல அன்னன்பர்க் மையத்துக்காரவ சொன்னாவ. ஜோக்கு சொல்லுதவன் உன்ன ஒண்ணும் பண்ண மாட்டான். ஜோக்குன்னு சொல்லிட்டு ரிஜிஸ்தர் பண்ணினான்னா, அன்னைக்கு நீ வக்கீலக் கூப்பிடு.

ஆலிவரும் அந்த ரகந்தான். 2016ல மிசிசிப்பியில 50 டாலர் கட்டி ஒரு கடன் வசூல் கம்பெனி பதிஞ்சாரு. ஏழை பாழைங்க ஆஸ்பத்திரிக்குக் கட்டமுடியாமப் போன கிட்டத்தட்ட 150 லட்சம் டாலர் கடன், அத வசூல் பண்ணுத உரிமைய 60,000 டாலருக்கு வாங்கினாரு. சுமார் 9,000 பேரு கடன். மேடையில நின்னு ஒரு சிவப்புப் பொத்தான அமுக்கினாரு. கடன் தள்ளுபடி. அந்தக் கடன் எவ்வளவு மலிவு, அத வெச்சு எவ்வளவு பேர மெரட்டுதானுவன்னு அன்னைக்கு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு.

எல்லாத்துக்கும் மேல 2010 டிசம்பர். நியூயார்க் ரெட்டைக் கோபுரம் இடிஞ்சப்போ ஓடி வந்து வேல செஞ்ச தீயணைப்பு ஆளுவ, போலீசு, எல்லாரும் அந்தப் புழுதியத் தின்னு நெஞ்சு நோவுல கெடந்தாவ. அவியளுக்கு வைத்தியத்துக்கு ஒரு மசோதா. செனட்டுல முடக்கிப் போட்டுட்டாவ. அந்த வருசத்துக் கடைசி நிகழ்ச்சியில ஸ்டூவர்ட் நோவாளிங்க நாலு பேர வரிசையா உக்கார வெச்சுப் பேச விட்டாரு. கேலி இல்ல. ஒரு வாரத்துல மசோதா நிறைவேறிட்டு. 2019 ஜூன்ல நிதி தீந்துபோற நெலமை. அப்போ அவருக்கு நிகழ்ச்சியே கெடையாது, தாடி நரச்சுப்போச்சு. காங்கிரஸ் கமிட்டி முன்னால சாட்சி சொல்ல வந்தாரு. பின்னால நோவாளிங்க நெருக்கியடிச்சு உக்காந்திருக்காவ, முன்னால கேக்க வேண்டியவியளோட நாற்காலியில பாதி காலி. அந்தக் காலி நாற்காலியக் காட்டித் தொண்டை அடைக்கப் பேசினாரு பாரு. மறு மாசமே ரெண்டு சபையும் பாஸ் பண்ணி, டிரம்ப்பே கையெழுத்துப் போட்டாரு. அந்த நிதி 2092 வரைக்கும் செல்லும்.

இதுதான் மாமாவோட கடைசி யோசனை, முந்தானையில முடிஞ்சு வெச்சுக்கோன்னு சொல்ல நீ பொம்பள இல்ல, வேட்டி மடிப்புல வெச்சுக்கோ. உன்னக் கேலி பண்ணுத பய என்னைக்காவது சிரிக்காம, கூட நாலு நோவாளிங்களையும் கூட்டிக்கிட்டு உன் ஆபீசுக்கு வந்தான்னா, மொதல்ல நாற்காலிய எல்லாம் ஆள் போட்டு நெரப்பு. காபி வாங்கிக் கொடு. கேட்ட எடத்துல கையெழுத்தப் போட்டுரு. தேதி கேட்டா 2092னு எழுது. அப்போ நீயும் இருக்க மாட்ட, நானும் இருக்க மாட்டேன், பணத்துக்கு எங்க போறதுன்னு கேக்க எதிர்க்கட்சிக்காரனும் இருக்க மாட்டான்.